சீமாட்டியைப் பார்த்த குற்றம்

அருங்காட்சியகத்தின் ஏழாம் அறைக் காவலருக்கு ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது. பணி நேரத்தில் சுவரில் இருந்த ஓவியத்தை ரசித்தாராம். பார்வையாளர்களைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம்; ஓவியத்தைப் பார்ப்பது பார்வையாளர்களின் வேலை.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் பார்த்தார்தான். நானூறு வருஷத்துச் சீமாட்டி அவள். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை லேஸ் காலர், அறுபத்துமூன்று முத்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். ஒரே ஒரு முத்துக்கு மட்டும் மினுக்கம் வைக்க ஓவியன் மறந்திருந்தான். அந்த முத்தின் மேல்தான் காவலருக்குப் பாசம் அதிகம்.

"பார்க்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். பென்ஷன் போச்சுன்னா படத்துல இருக்கறவளா வந்து சோறு போடுவா?"

விசாரணையில் துணை இயக்குநர் கேட்டார்: "படத்துல இருக்கறது ஆம்பளையா, பொம்பளையா?"

"கவனிக்கலீங்கய்யா."

துணை இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "ஓவியம், பெண், ஒன்று. மூன்றடிக்கு இரண்டடி. இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்கய்யா."

"பத்தொன்பது வருஷம் பக்கத்துலயே இருந்தும் பார்க்கலையா?"

"சத்தியமா இல்லீங்கய்யா."

"கடமைன்னா இதுதான்யா!"

பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. முன்னெச்சரிக்கையாக, ஓவியத்துக்கு முதுகு காட்டும்படி அவர் நாற்காலியைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். கூடப் பிறந்தவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டதைப் போல அவருக்கு மனசு உறுத்தியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நீலச் சீருடையில் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம், இழுக்கும் சத்தம். துடைக்க வந்தவர்களாக இருக்கும் என்று நினைத்தார். திரும்பினால் வேலை போய்விடும். அவர் திரும்பவில்லை. சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது.

போலீஸ் அதிகாரி வந்தார். "அந்தம்மா எப்படி இருப்பாங்க? அடையாளம் சொல்லுங்க."

"பெண்," என்றார் துணை இயக்குநர். "ஒன்று."

அதிகாரி காவலர் பக்கம் திரும்பினார். அறுபத்துமூன்று முத்தும் காவலரின் தொண்டை வரை வந்தன. துணை இயக்குநர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்ததே இல்லீங்க," என்றார் காவலர். அழுகையை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

கடைசியில் பொதுமக்களிடம் கேட்டார்கள். வந்து போனவர்கள் எடுத்த புகைப்படங்கள் இரண்டே நாளில் பதினோராயிரம் வந்து குவிந்தன. அதிகாரி ஒன்று விடாமல் பார்த்தார். எல்லாவற்றிலும் சுவர் இருந்தது, தங்க முலாம் பூசிய சட்டம் இருந்தது. சீமாட்டியின் முகம் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, படம் எடுத்தவரின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.