தேசிக்காய் போட்ட சிவப்புக் கோடு

வாகன விஷயத்தில் நான் பயந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சைக்கிள் வாங்கினால்கூடச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்காமல் ஏறமாட்டேன். (எலுமிச்சம்பழம்தான். யாழ்ப்பாணத்தாருக்கு அது தேசிக்காய்.)

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், லவால் என்ற ஊரில் ஒரு சின்ன ஐஸ் ஹொக்கி அணி இருந்தது. சம்பளத்துக்கு விளையாடுகிற அணிதான், ஆனாலும் ஒன்றரை சீசனுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. கோல் கம்பத்தடியில் சேரும் பனியைச் சவலால் (பனி அள்ளும் மண்வாரி) அள்ளுவது என் வேலை. ஆட்டம் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. என் கண்ணெல்லாம் இடைவேளையில் வந்து ஐஸை மழித்து மெழுகிவிட்டுப் போகும் மெஷினில்தான். அது சுடுதண்ணீர் ஊற்றி ஐஸ் செய்கிறது! சுடுதண்ணீர் எப்படி ஐஸாகும்? பொறுப்பாளர் மிஷெலை மூன்று மாதமாக இதையே கேட்டு அரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மனுசன் களைத்துப்போனார். பழைய மெஷினில் இரண்டு தரம் ஓட்டப் பழக்கிவிட்டு, "சனிக்கிழமை புது மெஷின் வருகிறது. மாட்ச் இடைவேளையில் நீ ஓட்டு. ஒழுங்காக ஓட்டினால் அந்த சீற் உனக்கு" என்றார்.

பக்கத்து ஊரான அஹுன்ட்சிக்கில் இருந்த சொந்தபந்தம் முழுவதுக்கும் ஃபோனில் அறிவித்தாயிற்று. பார்க்க வந்த மனைவி தவம் என் கையில் ஒரு பையைத் திணித்தாள்.

"இஞ்சேருங்கோ, புது வாகனமெல்லோ. மறந்திடாதேங்கோ."

நாலு தேசிக்காய், ஒரு சரை (கடதாசிப் பொட்டலம்) குங்குமம். பொட்டு வைத்திருந்தால் போதும். நானோ பழங்களை வெட்டி, சரை முழுவதையும் உள்ளே அடைத்து, யாரும் பார்க்காத நேரம் நாலு சில்லுக்கும் கீழே வைத்தேன்.

இடைவேளை வந்தது. சில்லுகள் 'சளக்' என்றன. மனம் நிறைந்துபோய் ஐஸில் இறங்கினேன். ஒரு சுற்று முடியவே சனம் கைதட்டியது. அடுத்த சுற்றில் எழும்பி நின்று விசிலடித்தது. ஒரு டிரைவருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற நாடா இது! கையை அசைத்து அசைத்து ஓட்டினேன். தவம் மட்டும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்திவிட்டுத் திரும்பினேன். ஐயோ கடவுளே! அரங்கைச் சுற்றிச் சுற்றிச் சிவப்புக் கோடு. பின்னால் ஊற்றிய சுடுதண்ணீர் சில்லுகளில் அப்பியிருந்த குங்குமத்தைக் கரைத்து, கையோடு உறையவும் வைத்திருந்தது. (ஆக, சுடுதண்ணீர் நன்றாகவே ஐஸாகும்.)

ஹொக்கியில் சிவப்புக் கோட்டை வைத்துத்தான் பாதி விதியே. "இதில் எது கோடு?" என்று நடுவர் கேட்டார். எதிரணிக் கோல்காப்பாளன் குனிந்து முகர்ந்து பார்த்தான்.

மிஷெல் வந்தார். "என்ன இது?"

"தேசிக்காய்."

"எதற்கு?"

"விபத்து நடக்காமலிருக்க."

கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சவலை எடுத்து என் கையில் தந்தார். ஒரு மணிநேரம் சுரண்டினோம். சீற் வேறொருவனுக்குப் போனது. உண்மையாகவே அழுதுவிட்டேன்.

அடுத்த வருடம் அணியையே மூடினார்கள். சாமான் ஏற்றி முடிந்த கடைசி மத்தியானம் மிஷெல் மெஷின் திறப்பை (சாவியை) நீட்டினார்.

"ஒரே ஒரு சுற்று. முதலில் பொக்கற்றைக் காட்டு."

காட்டினேன். ஒரு தேசிக்காய் இருந்தது. பெருமூச்சு விட்டு, அதைத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வழிவிட்டார். வெறும் அரங்கு. கைதட்ட ஒருவருமில்லை. வெள்ளை வெளேரென்ற ஐஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினேன்.

இன்றைக்கும் வீட்டில் யார் புதுக் கார் எடுத்தாலும், நான் ஏறமுன் தவம் வழியை மறிப்பாள்.

"எங்கை, பொக்கற்றைக் காட்டுங்கோ பாப்பம்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்குப் பையைத் தந்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் காட்டுவேன்.

பெரும்பாலும் இருக்கும்.