ஹர்ஸ்ட் துரையைத் தேடி

"இன்ஸ்பெக்டர் இ. ஹர்ஸ்ட். வருகை: புதன் காலை." கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான்.

கைத்தறிச் சங்கத்தின் தற்காலிக கிளார்க் கஜபதி அதை மூன்று தடவை படித்தார். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக ஒரு வரி எழுதினால் வேலை பர்மனென்ட். ஏழு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்து மூன்று பிள்ளைகளும் பெற்றாகிவிட்டது.

ஸ்டேஷனில் ஆளை எப்படி அடையாளம் பிடிப்பது? அகராதியைப் புரட்டினார். ஹர்ஸ்ட் இல்லை. அந்தப் பக்கத்திலேயே 'ஹர்ஸூட்' இருந்தது. உடம்பெல்லாம் முடி உள்ளவர் என்று அர்த்தம்.

"நம்ம பக்கம் வூட்டுப் பேரு வெக்கறதில்ல? அந்த மாதிரிதான். தாத்தாவுக்கு முடி, அதான் வம்சத்துக்கே பேரு" என்றார் தறி நெய்துகொண்டிருந்த ரத்தினம்மாளிடம்.

"பேரை வெச்சா ஆளைக் கண்டுபிடிப்ப? உன் பேரு கஜபதி. ஆனையை எங்க கட்டி வெச்சிகீற நைனா?"

"அது நம்ம பேரு. இது இங்கிலீசு!"

புதன்கிழமை அரக்கோணம் ரயிலிலிருந்து ஒருவர் இறங்கினார். நெஞ்சு வரை தாடி, காதிலும் கொத்தாக முடி. நிறம் மட்டும் நம்ம நிறம். வெயிலில் கறுத்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டு, மாலையைப் போட்டு ஜட்காவில் ஏற்றினார் கஜபதி.

சங்கத்தில் முக்காடு போட்ட அம்மாள் ஒருவர் தறிப் பக்கமாக நின்றிருந்தார்.

"சேலை வாங்க வந்தீங்களாம்மா? பெரிய ஆபீசர் வந்துகீறாரு. செத்த குந்துங்க, மோர் சாப்பிடுங்க" என்று நாற்காலி போட்டார் கஜபதி.

"இல்லீங்க, நான் வந்து..."

அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. தாடிக்காரருக்கு வடையும் பாயசமும் பரிமாற ஓடிவிட்டார். தாடிக்காரர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். இன்ஸ்பெக்டர் கருத்து எழுதும் பார்வைப் புத்தகத்தை நீட்டியதும், "மொதல்ல மலைக்குப் போறேன்" என்று எழுந்து நடந்தார்.

கோபித்துக்கொண்டுவிட்டாரோ? கஜபதி புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு, மலைக்கோயில் படியேறிப் பின்னாலேயே ஓடினார். மூச்சு வாங்க முடி இறக்கும் இடத்துக்குப் போனால், பாதித் தலை காலி.

"சார்! கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டு மீதியை எடுங்க!"

"எனக்குக் கைநாட்டுதாங்க. திருவாலங்காட்டுத் தங்கவேலு, கரும்பு போட்டுகீறேன். மொட்டை போட வர்றவங்களுக்கு மாலை போட்டு சோறு போடறது புது ஏற்பாடுன்னு நெனச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சுங்க பாயசம்."

கஜபதி ஒவ்வொரு படியாக இறங்கினார். நிஜமான துரை வந்து, ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். வேலை போயே போயிற்று. அழுகை வந்தது.

சங்கத்தில் அந்த அம்மாள் பார்வைப் புத்தகத்தில் எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பினார்.

'முன்பின் தெரியாதவருக்கு விருந்து. சேலை வாங்க வந்தவளுக்கும் நாற்காலி, மோர். இவரை நிரந்தரமாக்கலாம்.'

கீழே கையெழுத்து: ஈஸ்வரி ஹர்ஸ்ட்.

கஜபதி திகைத்து நிமிர்ந்தார். முக்காடு நழுவியிருந்தது. உள்ளே திருப்பதி மொட்டை, பூசிய சந்தனம் இன்னும் உதிரவில்லை.

"காத்தால திருப்பதி பஸ்ல வந்தாங்க. ஒத்த முடி இல்ல, பாத்துக்கோ!" என்று ரத்தினம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயும் உன் அகராதியும்! அந்த முடிக் கதையை அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அகராதியை ஏம்மா திட்டறீங்க?" என்றார் ஈஸ்வரி, முக்காட்டைச் சரிசெய்தபடி. "ஹர்ஸ்ட்ங்கறது எங்க வூட்டுக்காரர் பேரு. அவருக்கு முதுகைக்கூட சீப்பு போட்டுத்தான் வாரணும்."