பனிக்காலப் பசுமைக் குழுவின் மாபெரும் வெற்றி

குளிர்காலத்தைத் தீர்மானம் போட்டு எதிர்கொண்ட முதல் மனிதர்கள், ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில், ஊர்க்காரர்களுக்குத் துண்டு துண்டாகத் தோட்டம் குத்தகைக்கு விடும் எங்கள் தோட்டச் சங்கத்தார்தான். உலகம் இதை இன்னும் அறியவில்லை. அறிவிப்பது செயலாளரான என் கடமை.

ஜனவரியிலும் காய்கறி விளையும் தோட்டத்தை வைத்திருக்கும் சங்கத்துக்குப் பரிசாகப் பித்தளைப் பலகை உண்டு என்று தோட்டச் சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்ததும், எங்கள் தலைவர் தெட்லெஃப் ஆலர்ஸ் 'பனிக்காலப் பசுமைக் குழு' அமைத்தார். ஜூலையில் குழுவின் பெயரை விவாதித்தோம். ஆகஸ்டில் விடுமுறை. செப்டம்பரில் எதை விதைப்பது என்று ஆராய ஒரு துணைக்குழு. அக்டோபரில் அது, 'விதைக்கலாம்' என்று துணிந்து பரிந்துரைத்தது. நவம்பரில் மண் உறைந்துவிட்டது. மண்ணின் ஒத்துழையாமையைக் குறிப்பேட்டில் கண்டித்தேன்.

பதினேழாம் எண் தோட்டத்து வீப்கே ஹார்ம்ஸ் மட்டும் கட்டுப்பாடு அறியாதவர். ஆற்றில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அதனால் இருபத்தாறு வருடமாகப் பகலெல்லாம் தோட்டத்தில்தான். நாங்கள் பெயர் தேடிய ஜூலையிலேயே, குளிர் தாங்கும் பரட்டைக்கீரையும் தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் நட்டுவிட்டார்; செப்டம்பரில் பசலையும் விதைத்தார். பனி விழுந்ததும் லீக்ஸுக்கு வைக்கோல் அணைத்து, பசலைப் பாத்திமேல் பழைய திரைச்சீலையை விரித்தார்.

தலைவர் என்னுடன் ஆய்வுக்குச் சென்றார்.

"ரோஜாப்பூ போட்ட திரைச்சீலை! இதென்ன தோட்டமா, படுக்கையறையா?"

"படுக்கையறைதான் தலைவரே. ஜூலைலேருந்து நீங்கல்லாம் தூங்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"குழு அனுமதி இல்லாம எப்படி நட்டீங்க?"

"மண்வெட்டியாலதான்."

இந்தப் பதிலில் இருந்த அவமதிப்பையும் பதிவு செய்தேன்.

ஜனவரியில் கூட்டமைப்பிலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட நடுவர் அம்மா வந்தார். மற்ற நாற்பது தோட்டங்களில் வெறும் பனி. பதினேழாம் எண்ணில் பரட்டைக்கீரை இடுப்பளவு நின்றது. ஓர் இலையைக் கிள்ளி மென்றார்.

"பனி பட்டு நல்லா இனிக்குதே! யார் வளர்த்தது?"

"கூட்டு முயற்சிம்மா," என்றார் தலைவர் அடக்கமாக.

பலகை கிடைத்தது. பாராட்டு விருந்துக்கு வீப்கே தன் கீரையைத் தொத்திறைச்சியோடு வேகவைத்து, ஒரு பெரிய அண்டா நிறையக் கொண்டுவந்தார். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு நான் தீர்மானத்தை வாசித்தேன்: அனுமதியின்றிப் பயிரிட்ட குற்றத்துக்காகப் பதினேழாம் எண் தோட்டம் திரும்பப் பெறப்பட்டு, குழுவின் 'மாதிரித் தோட்டம்' ஆகிறது.

வீப்கே கரண்டியை அண்டாவிலேயே விட்டார். 

"நாளைக்கும் பனி கொட்டுமாம். லீக்ஸ யாருய்யா மூடுவீங்க?"

"அதுக்கு ஒரு துணைக்குழு போடுறோம்க்கா," என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம். பதினேழாம் எண்ணுக்கு மட்டும் வாக்கில்லை," என்றார் தலைவர்.

யாரும் தூக்கவில்லை, 'ஏகமனதாக' நிறைவேறியது. தூக்குவதற்கு யாருக்கும் கை ஒழியவில்லை. ஒரு கையில் வீப்கேயின் கீரைத் தட்டு, மறு கையில் முள்கரண்டி. எனக்கு அது இரண்டாவது தட்டு.