யதுர்ஷிகா மடித்த இறால் கொழுக்கட்டை

அன்பும் மதிப்பும் மிக்க மயில்வாகனம் அத்தானுக்கு,

தர்மபுரத்திலிருந்து மைத்துனன் கனகலிங்கம் எழுதுவது. வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் நானும் சிவனேஸ்வரியும் மாடுகளும் சுகம். முல்லைத்தீவில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள், அக்காவின் முழங்கால் நோவும் குறைந்திருக்கும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வசனம் கதைக்க முதல் நீங்கள் பத்து வசனம் கதைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். குறை நினைக்க வேண்டாம்.

விஷயம் எங்கள் மகள் யதுர்ஷிகாவைப் பற்றியது. அவள் கொழும்பில் அலுவலகத்தில் வேலை செய்கிறாள் என்று நான் சொன்னது பொய். அவள் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறாள். படிப்பித்த பிள்ளை அடுப்படிக்குப் போனதைச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு வருடமாக அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காமலும் இருந்தேன். நீங்களும் என்னை நம்பி, அவளுக்குப் பேசிவரும் சம்பந்தத்தில் மாப்பிள்ளை பகுதிக்கு அந்தப் பொய்யையே சொல்லிவிட்டீர்கள். போன ஞாயிறு சிவனேஸ்வரி, "நீங்கள் வராட்டிலும் நான் போறன்" என்று பையைத் தூக்கியபடியால் நானும் பஸ் ஏறினேன்.

நேரே அவளுடைய கடைக்குத்தான் போனோம். அங்கே காலைச் சாப்பாடு டிம் சம், ஆவியில் அவித்த சின்னச் சின்னப் பலகாரங்களாம். நாங்கள் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி மாதிரி, மூங்கிலில் செய்த வட்டப் பெட்டிகளை ஆவி பறக்கக் கொண்டுவந்து அடுக்கினார்கள். தேத்தண்ணீருக்குப் பாலும் இல்லை, சீனரிடம் சீனியும் இல்லை. பஞ்சு மாதிரி மெத்தென்ற வெள்ளைப் பணிஸ் ஒன்றை அடியில் ஒட்டியிருந்த கடதாசியோடு சேர்த்தே தின்றுவிட்டேன். கொஞ்சம் இழுபட்டது, அதுவும் ஒரு பக்குவம் என்று நினைத்தேன். அடுத்த பெட்டியில் கோழியின் பாதங்கள். நாங்கள் நாய்க்குப் போடுவது என்று நான் முகத்தைத் திருப்ப, சிவனேஸ்வரி நாலையும் சாப்பிட்டு எலும்பைத்தான் எனக்குக் காட்டினாள். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர், தேத்தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இரண்டு விரலால் மேசையில் தட்டினார். பாவம், மனிதர் அவசரப்படுகிறார் என்று பரிசாரகரைக் கூப்பிட்டு, அவரைக் கவனிக்கச் சொன்னேன். அது அவர்கள் நன்றி சொல்லும் முறையாம்.

பிறகு வந்தது இறால் கொழுக்கட்டை. கண்ணாடி மாதிரித் தோல், உள்ளே இறாலின் சிவப்புத் தெரிந்தது. சாப்பிடத் தந்த இரண்டு குச்சியாலும் பிடிக்கப் போக, அது துள்ளி அந்தப் பெரியவரின் தட்டில் விழுந்தது. நான் எழும்பிக் கும்பிட்டேன். அவர் அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுவிட்டு, இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று பரிசாரகரிடம் சொன்னாராம்.

குசினிக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக எங்கள் யதுர்ஷிகா வந்தாள். பெரியவர் கதிரையை விட்டு எழும்பி அவளுக்குத் தலை குனிந்தார், அத்தான். எழுபது வயது மனிதர். தன் நாட்டிலும் இதைவிடத் திறமாகச் சாப்பிட்டதில்லை என்றாராம். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கடை முழுக்கக் கேட்க, "இது என்ர பிள்ளை" என்றேன். தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, இருங்கோ" என்றாள் மெதுவாக. "பதின்மூண்டு மடிப்பு. ஒண்டு பிசகினாலும் வெளியில அனுப்ப மாட்டன்."

அவளுடைய விரல்களில் ஆவி சுட்ட தழும்புகளை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வாய்க்கு வேறொன்றும் வரவில்லை. "இன்னும் ஒரு பெட்டி கொண்டு வா, பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே அத்தான், உடனே மாப்பிள்ளை பகுதியிடம் போய், பெண் சமையல்காரி, அதுவும் சீனர் எழும்பி நிற்கிற சமையல்காரி என்று சொல்லுங்கோ. அவர்களுக்கு வெட்கமென்றால் சம்பந்தம் வேண்டாம். இல்லையென்றால் ஆவணியில் நாள் பாருங்கோ.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் உங்கள் வீட்டைக் குளிர வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற பெருமையோடு,
கனகலிங்கம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தாள். நீங்கள் எங்கும் போக வேண்டாம். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். போன மாதமே அந்தக் கடைக்கு வந்து, சம்மதம் என்றும் சொல்லிவிட்டாராம். இவளுக்குத்தான் சம்மதமில்லை. சுடச்சுட வைத்த பெட்டிகளைக் கால் மணித்தியாலம் படம் எடுத்து ஆற விட்டவரைக் கட்ட மாட்டாளாம். அவள் சொல்வதுதான் சரி என்றுவிட்டேன். வேறு இடம் பாருங்கோ. பசியோடு வருகிற ஆளாக இருந்தால் நல்லது.