குடும்பச் சத்தம்

சாப்பாட்டுக் காட்சி இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. முப்பது வருஷத் தொழிலில் சத்தக்காரர் செய்து அனுப்பிய எதுவும் அதற்கு முன் ஒரு தடவைகூடத் திரும்பி வந்தது கிடையாது.

"தட்டு இருக்கு சார், கரண்டி இருக்கு, நாற்காலி இழுக்கிற சத்தமும் இருக்கு. குடும்பம்தான் இல்ல," என்றார் இயக்குநர். புதியவர். நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனிலேயே.

சினிமாவுக்குச் சத்தம் செய்வதுதான் சத்தக்காரரின் பிழைப்பு. திரையில் கதாநாயகன் படியேறினால், இவர் தன் வீட்டுப் பின்னறையில் மைக் முன்னால் பலகை மேல் ஏறி இறங்குவார். கதாநாயகி கோபத்தில் கதவைச் சாத்தினால், சாத்துவது இவர். முப்பது வருஷமாகப் படங்களில் விழுந்த முத்தமெல்லாம் இவருடைய சொந்தப் புறங்கையில் விழுந்தவை. மற்றபடி இவர் யாருக்கும் முத்தம் கொடுத்ததில்லை. வயது நாற்பத்தேழு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "நிம்மதியா இருக்கேன்" என்பார். சொல்லும்போது முகத்தில் நிம்மதி மருந்துக்கும் இருக்காது.

இந்தப் படமோ, ஒரு சிடுமூஞ்சிப் பிரம்மச்சாரி இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுத்து, அந்தக் குடும்பத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் காதல் கதை. சிரிப்புப் படம் என்றார்கள். சத்தக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கிற கதையா இது என்று நினைத்தார்.

"பக்கத்துல குழந்தைங்க இருக்கிற வீடு எதுவும் இல்லையா சார்? அங்க போய் அப்படியே பதிவு பண்ணிட்டு வாங்களேன்."

இருந்தது. நேராகத் தலைக்கு மேலேயே இருந்தது.

மாடி வீட்டுக்கு ஐந்து மாதம் முன்பு ஒரு பெண் தன் இரண்டு மகள்களோடு குடிவந்திருந்தாள். மருந்துக் கடையில் வேலை. கணவர் இறந்து நாலு வருஷம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. சின்னவளுக்கு நடக்கத் தெரியாது, ஓட மட்டுமே தெரியும். சத்தம் செய்து பிழைப்பவருக்கு அடுத்தவர் சத்தம் ஆகாது. ஆறு தடவை மாடியேறிப் போய்ப் புகார் சொல்லியிருந்தார். நாலாவது தடவை, பேச்சின் நடுவே அந்த வீட்டுக் கதவின் கீல் கீச்சிட்டது. பொறுக்க முடியாமல் கீழே போய் எண்ணெய் கொண்டுவந்து போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆறாவது தடவைக்குப் பிறகு, மேல்வீடு கீழ்வீடு இரண்டையும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு, எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று எட்டுப் பக்கக் கடிதம் எழுதிப் போட்டார்.

இப்போது ஏழாவது தடவையாக அதே வாசலில், அதே முகத்தோடு, உங்கள் வீட்டுச் சத்தம் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு நின்றார். அவள் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

"தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா மைக்கோட ஓரமா நின்னா பிள்ளைங்க வாயே திறக்காதுங்க. கூட உக்காந்து சாப்பிடுங்க."

மேஜைக்கு அடியில் மைக்கை ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆறு தடவை சண்டைக்கு வந்த மனிதர் தங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள் மூச்சுகூட விடவில்லை. நாற்பது நிமிஷம்.

"யாரோ ஒருத்தர் மெல்லுற சத்தம்தான் சார் கேக்குது," என்றார் இயக்குநர்.

மறுநாள் மைக்கை மட்டும் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டார். நேரமாகிவிட்டதென்று, பதிவானதைக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினார். பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது, சின்னவள் மேஜைக்கு அடியில் நுழைந்து மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கீழ்வீட்டு மாமாவுக்கு எப்பவும் பல்லு வலிக்குமா?"

"இல்லடி. அவருக்குப் பேச ஆள் இல்ல, அவ்வளவுதான்."

அதை நாலு தடவை போட்டுக் கேட்டார். ஒலி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

இயக்குநர் அந்தப் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் காட்சி ஒருபக்கம் இருக்கட்டும், பள்ளிக்கூடம் கிளம்புகிற காலை நேரப் பரபரப்பு வேண்டும் என்றார். சத்தக்காரர் விடிந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலே போனார். ஒரு கையில் மைக். சும்மா இருந்த மறுகையில் அவள் சீப்பைத் திணித்தாள். சின்னவளின் ஒரு ஷூவைக் காணோம். பெரியவளின் கணக்கு நோட்டையும் காணோம். வேன்காரர் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பதிவானதில் முக்கால்வாசி இவருடைய குரல்தான்.

"யார் சார் அது, 'இன்னொரு ஷூ எங்கே, மணி என்ன ஆகுது பாரு'ன்னு? சொந்த அப்பா மாதிரியே கத்துறாரு. நம்ம கதையில அப்பாவே கிடையாதே. திரும்ப எடுத்துடுங்க."

திரும்ப எடுத்தார். துணி துவைக்கும் சத்தம் எடுத்தார், வீட்டுப்பாடச் சண்டை எடுத்தார், மழைநாளில் வீட்டுக்குள் விளையாடும் சத்தம் எடுத்தார். எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. முதல் வாரம் கோபம் வந்தது. மூன்றாவது வாரம், இயக்குநரிடமிருந்து போன் வரவில்லையென்றால் போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து திரும்பிய வீட்டுச் சொந்தக்காரர் எட்டுப் பக்கக் கடிதத்தைப் படித்தார். நேரே மாடிக்குப் போய், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பெரியவள் கீழே வந்து வாசலோடு நின்றாள். "நீங்க எழுதின லெட்டராமே," என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அன்று மேலே யாரும் ஓடவில்லை. அந்த அமைதியில் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். மாடியில் சத்தமே கிடையாது, எல்லாம் என் தொழில் சத்தம், ஏதோ ஞாபகத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்றார்.

"எட்டுப் பக்கமும் நீங்க போட்ட சத்தமா?"

"ஆமா."

"குழந்தை ஓடுற சத்தம்?"

"நான்தான் ஓடினேன்."

சொந்தக்காரர் அவரைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ நீங்க காலி பண்ணுங்க."

மாடிக்குப் போய், இனிமேல் பயமில்லை, நீங்கள் இருக்கலாம், நான்தான் போகிறேன் என்று சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போவீர்கள் என்று கேட்டாள். ஏதாவது ஒரு அறை பார்க்க வேண்டும் என்றார்.

"அமைதியான இடமாப் பாக்கணுமா?"

 தரையில் நழுவி விழுந்த ஒரு சட்டையை அவர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வேண்டாம்," என்றார்.

"இங்க மூணு ரூம் இருக்கு. ஒண்ணுல உங்க மைக்கையும் பலகையையும் வச்சுக்கலாம்," என்றாள் அவள், அடுத்த சட்டையை எடுத்தபடி.

இதை யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டதற்கு, நீங்கள்தான் யோசிக்க வேண்டும், ஷூ தேடுவது தினமும் இருக்கும் என்றாள். பெரியவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், இனிமேல் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பேசினாள். கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தார்கள். சாட்சிக்கு அவள் தம்பி வருவான் என்றாள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால், படத்தில் வேலை செய்தவர்களுக்கு முழுப் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். நாலு பேரும் போனார்கள். இயக்குநர் இன்னும் வந்து சேரவில்லை. விளக்கு அணைந்தது. சாப்பாட்டுக் காட்சி வந்ததும், சத்தக்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தார்.

அது மாடி வீட்டுத் தட்டு இல்லை. அவருடைய பின்னறைத் தட்டு. இழுபட்ட நாற்காலியும் அவருடைய நொண்டி நாற்காலி. குடும்பம் இல்லை என்று முதன்முதலில் திருப்பி அனுப்பினார்களே, அதே பதிவு, ஒரு கரண்டிகூட மாறாமல்.

இடைவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கடைசி வரிசையில் இருந்த படத்தொகுப்பாளரிடம் போனார். மாதக்கணக்கில் ராத்திரி பகலாக வெட்டி ஒட்டிய களைப்போடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இளம்பெண்.

"ஒரு மாசமா மாடி ஏறி இறங்கியிருக்கேன்மா. முதல்ல அனுப்பினதையே போடுறதுக்கு என்னை ஏன் அத்தனை தடவை எடுக்க வச்சீங்க?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"அது கேட்ட அன்னைக்கே ஓகே ஆயிடுச்சு சார், திரும்பத் திரும்ப எடுக்க வைக்கச் சொன்னது எங்க டைரக்டரோட அக்கா, அதோ உங்க சீட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்காங்களே, அவங்கதான்."