பத்தொன்பது ஆண்டுகள், ஒரு தவறுமில்லை

உலகத்தில் எத்தனையோ மேதைகள் எத்தனையோ தவறுகளைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய புகைப்படங்களில் இருக்கும் ரயில் நிலையங்களை அடையாளம் காணும் பிரிவின் தலைவரோ, பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நிலையத்தைக்கூடத் தவறாக அடையாளம் காட்டியதில்லை. சரியாகக் காட்டியிருக்கிறாரா என்று கேட்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். அவர்களை விடுங்கள்.

மேசையில் மூன்று பூதக்கண்ணாடிகள் வைத்திருந்ததால் அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் அவருடைய அக்கா வந்தாள். அவள் ஒரு சின்ன ரயில் நிலையத்தின் அதிகாரி. அப்பா பார்த்த அதே வேலை, அதே நிலையம். கையில் ஒரு பெரிய பழைய புகைப்படம் வைத்திருந்தாள்.

"ஸ்டேஷனை இடிக்கப் போறாங்கடா. பதினஞ்சாம் தேதின்னு நாள் குறிச்சிட்டாங்க. நூறு வருஷத்துக் கட்டடம்னு நிரூபிச்சா விட்டுருவாங்களாம். படத்துலயே வருஷம் போட்டிருக்கு, பாரு. இது எங்க ஸ்டேஷன்தான்னு உன் ஆபீஸ் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

ஓட்டுக்கூரை, வளைவு வைத்த டிக்கெட் ஜன்னல், சுவரில் கடிகாரம், ஒரு ரயில், கொடியோடு ஒரு ஆள். ஓரத்தில் வெள்ளைப் பலகையில் நிலையத்தின் பெயர், கண்ணைக் குத்துகிற மாதிரி பெரிய எழுத்தில். பூதக்கண்ணாடி மூன்று கண்ணாடிகளாலும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எந்த ஸ்டேஷன்னு இப்பவே சொல்ல முடியாதுக்கா."

"பலகையில எழுதியிருக்கேடா."

"எழுத்து வேற, படம் வேற. பலகையைப் படிச்சுச் சொல்றதுன்னா அதுக்கு எதுக்கு ஒரு பிரிவு?"

நியாயமான கேள்விதான். அக்கா விரலைப் பலகையிலிருந்து ஜன்னலுக்கு நகர்த்தினாள்.

"சரி, டிக்கெட் ஜன்னலைப் பாரு. ஏழு வயசுல அந்தக் கம்பிக்குள்ளதான் தலையை விட்டு மாட்டிக்கிட்டே. அப்பா கம்பியை அறுத்து உன்னை எடுத்தாரு. காதுக்குப் பின்னாடி தழும்பு இருக்கா இல்லையா?"

அவர் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் 'தனிப்பட்ட அனுபவம்'க்கா. ஆதாரம் ஆகாது. நான் உன் தம்பி வேற, பாரபட்சம்னு பேசுவாங்க. முறைப்படி குடுத்துட்டுப் போ."

முறை தொடங்கியது. வந்த படத்தில் முத்திரை குத்தியாக வேண்டும். எங்கே குத்துவது என்பதற்கு அவரே எழுதிய விதி உண்டு. கட்டடம், ரயில், ஆட்கள் எல்லாம் ஆதாரம். அவற்றின் மேல் மை படக்கூடாது. வானத்தில் குத்தலாமே என்றால், வானம் வானிலைக்கு ஆதாரம். மிச்சம் இருந்தது பலகை ஒன்றுதான், அது வெறும் எழுத்து. ஆகவே பலகையின் முதல் பாதியில் 'பெறப்பட்டது' என்று தன் கையாலேயே குத்தினார். மறுபாதியில் பதிவுப் பிரிவு குத்தியது. இரண்டுக்கும் நடுவே 'சரிபார்க்கப்பட்டது' விழுந்தது. தபால் பிரிவுக்கு இந்தப் படத்தோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லோரும் குத்துகிறார்களே என்று அதுவும் ஒன்று குத்திவைத்தது.

பன்னிரண்டாம் தேதி குழு கூடியது. வரலாற்றுப் பேராசிரியர், கட்டடப் பொறியாளர், தலைவராகப் பூதக்கண்ணாடி. அக்கா கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் படத்தின் மேல் குனிந்தார். "பலகையில ஏதோ எழுதியிருக்கு. 'பெறப்பட்டது'ன்னு ஊர் இருக்கா?"

"ஸ்டேஷன் பட்டியல்ல இல்ல," என்றார் பொறியாளர்.

"கடிகாரத்துல மணி பத்து. பத்து மணி வண்டி நிக்குது. வண்டி நேரத்துக்கு வந்திருக்குன்னா இது நம்ம ரயில்வேயே இல்லையே," என்றார் பேராசிரியர்.

குழு இதை 'முக்கியமான திருப்பம்' என்று குறித்துக்கொண்டது.

பொறியாளர் வேலைக்குப் புதிது. "பேசாம நேர்ல போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்தா என்ன? நாப்பது நிமிஷம்தான் ஆகும்."

பூதக்கண்ணாடி கோபப்படவில்லை. "நேர்ல பார்த்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படி நடுநிலையா ஆராய முடியும்?"

பொறியாளர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

அக்கா எழுந்தாள். "இன்னும் மூணு நாள்தான் இருக்கு. உங்க தலைவர் அந்த ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ்லதான் பொறந்தான். அவனைக் கேளுங்க."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஊர்ப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம். சொல்லி, அதில் நாளைக்கு எவனாவது ஒரு குறை கண்டுபிடித்தால் பத்தொன்பது ஆண்டுச் சாதனை என்னாவது? ஒரு வாய் தண்ணீரோடு பெயரையும் விழுங்கினார்.

'கூடுதல் ஆய்வு தேவை' என்று ஒருமனதாக முடிவானது. அதற்கும் ஒரு முத்திரை உண்டு. அதையும் பலகையில்தான் குத்தினார்கள்.

பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்குள் நிலையம் தரைமட்டம். இடிக்கும் பிரிவில் குழு கிடையாது, எனவே அங்கே இருப்பவர்கள் சுறுசுறுப்பானவர்கள்.

மறுநாள் அக்கா வந்தாள். பின்னால் இரண்டு சுமைதூக்கிகள் ஓர் இரும்புப் பலகையைத் தூக்கி வந்தார்கள். அவள் கை காட்ட, தம்பியின் மேசைமேல் வைத்தார்கள். பூதக்கண்ணாடிகள் மூன்றும் உருண்டு கீழே விழுந்தன. பலகையில் செங்கல் தூசி இருந்தது, முத்திரை எதுவும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

"இது எந்த ஸ்டேஷன்டா?"

"அக்கா, ஆபீஸ்ல வச்சு..."

"பேரைச் சொல்லு. ஒரே ஒரு தடவை."

அறையில் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் பலகையைப் படித்தார். உதடு அசைவது தெரிந்தது. கண் கலங்கியதும் தெரிந்தது.

"குழுவைக் கேட்கணும்க்கா," என்றார். அதற்குள் அவர் கை முத்திரையை எடுத்து, குத்துவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். "பத்தொன்பது வருஷமா ஒரு தப்பும் பண்ணலையாமே. எனக்காக ஒண்ணு பண்ணியிருக்கலாம்டா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தலைவரின் சாதனை மட்டும் இன்றும் இடிபடாமல் நிற்கிறது.