சொந்தக் கருத்து வந்த எறும்புதின்னி

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு நாரை தமிழ் ஐயாவாக இருந்தார். எந்நேரமும் ஒற்றைக் காலில்தான் நிற்பார் என்பதால், கடமை தவறாதவர் என்று காட்டில் அவருக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் அண்மையில் படித்த நூலைப் பற்றித் தங்கள் சொந்தக் கருத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டுமாம். எந்த நூலை அண்மையில் படித்திருக்க வேண்டும் என்பதையும் மேலிடமே முடிவு செய்து அனுப்பியிருந்தது. புற்றூரான் என்ற புனைபெயரில் ஒரு கட்டெறும்பு எழுதிய 'வரிசை கலைந்த நாள்'. எறும்புக் குடும்பம் ஒன்றின் கதை.

"படிச்சு முடிச்சதும் மனசுல என்ன தோணுதோ, அதை அப்படியே எழுதணும்" என்றார் நாரை ஐயா. "என்ன தோணணும்கிறது மைனா கடையில கிடைக்கும். இன்னிக்கே வாங்கிடுங்க."

மைனா தன் கடையில் 'சொந்தக் கருத்துகள் – முழுத் தொகுப்பு' என்ற கையேட்டை அடுக்கி வைத்திருந்தது. மாலைக்குள் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்து நின்றது பவழக்கொடி என்ற எறும்புதின்னிக் குட்டி.

"அடுத்த வாரம் வா, பாப்பா" என்றது மைனா.

"நாளைக்கே குடுக்கணுமே!"

"அப்ப ஒண்ணு பண்ணு. அந்தப் புத்தகத்தையே படிச்சுப் பாரு. அதுல ஏதாச்சும் இருந்தாலும் இருக்கும்."

வேறு வழியில்லாமல் பவழக்கொடி புத்தகத்தைப் படித்தது. இப்படி ஒரு அசம்பாவிதம் அந்தப் பள்ளியில் அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாள் நாரை ஐயா தாள்களைத் திருத்தினார். வகுப்பு முழுவதற்கும் ஒரே இடத்தில், ஒரே வரியில் உள்ளம் உருகியிருந்தது. முயலுக்கு மட்டும் எழுத்துப் பிழையால் உள்ளம் உருண்டிருந்தது. அதற்கு அரை மதிப்பெண் குறைத்தார். கடைசியாகப் பவழக்கொடியின் தாள். அதில் இப்படி இருந்தது:

'இந்தக் கதையில் சின்னி என்று ஒரு எறும்பு. அவள் அண்ணன் வெல்லக்கட்டி கொண்டுவரப் போனவன் திரும்பி வரவில்லை. சின்னி புற்று வாசலிலேயே நிற்கிறாள். எல்லோரும் உள்ளே போன பிறகும் நிற்கிறாள். அண்ணனைத் தின்றது யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை என்று மட்டும் போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது.'

நாரை ஐயா படித்துவிட்டுக் காலை மாற்றி நின்றார்.

"பவழக்கொடி, எந்திரி. கருத்து கேட்டா வாக்குமூலம் எழுதி வச்சிருக்கியே, என்ன இது?"

"மனசுல தோணுச்சுங்கய்யா."

"தோணுச்சா? இதுல சுறுசுறுப்பு எங்க? ஒற்றுமை எங்க? சேமிப்பு எங்க? நான் எதுக்கு மார்க் போடுறது?"

"ஐயா, அது வீட்டுல செவ்வாய்க்கிழமை என்ன கொழம்புன்னு எனக்கும் சொல்லச் சொல்லுங்கய்யா!" என்றது கடைசி பெஞ்சிலிருந்து குரங்கு. வகுப்பு சிரித்தது. பவழக்கொடி உருண்டையாகச் சுருண்டுகொண்டது. அதை அப்படியே வீட்டுக்கு உருட்டிவிட்டார்கள்.

மதிப்பெண் போனால் போகட்டும். அதைவிடப் பெரிய தொல்லை வீட்டில் காத்திருந்தது. தட்டில் எறும்பைப் பார்த்ததும் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏன்டி, என்ன கொறைச்சல்? புத்தம் புது எறும்புடி" என்றது தாய்.

"எந்த எறும்பைப் பார்த்தாலும் சின்னி மாதிரியே இருக்கும்மா."

"யாருடி அவ?"

"புத்தகத்துல வர்றவ."

"புத்தகத்துல வர்றவளுக்காகவா சோத்தை ஒதுக்குற? கண்ணை மூடிட்டு முழுங்கு."

"கண்ணை மூடினா இன்னும் நல்லாத் தெரியிறாம்மா."

தாய் கொய்யாப்பழம் கொண்டுவந்தது. எறும்புதின்னிக்குப் பல் கிடையாது. கிழங்கு கொண்டுவந்தது. அதற்கும் பல் வேண்டும். கரடி டாக்டரிடம் கூட்டிப் போனது. அவர் "நாக்கை நீட்டு" என்றார். எறும்புதின்னியின் நாக்கு நீளமானது. அதை நீட்டி முடிப்பதற்குள் டாக்டர் இன்னும் இரண்டு பேரைப் பார்த்து அனுப்பினார்.

"உடம்புல ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "ஆனா இப்படியே விட்டா, புள்ள தங்காது. இதுக்கு எங்கிட்ட மருந்தில்ல. எங்க பிடிச்சுதோ அங்கேயே போய்ப் பாருங்க."

தாய், துவண்டு கிடந்த குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடியது.

"ஐயா, எம்புள்ளைக்குச் சொந்தக் கருத்து வந்துடுச்சு. எப்படியாவது எடுத்து விடுங்க ஐயா."

நாரை ஐயா பதறவில்லை. "அழாதீங்கம்மா. ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்தீங்க, நல்லதாப் போச்சு. முன்னே இருந்த பள்ளிக்கூடத்துல எத்தனையோ பசங்களுக்கு எடுத்து விட்டிருக்கேன். முத்தினதுக்கு அப்புறம்தான் கஷ்டம். அதுங்க கவிதை எழுதப் போயிடும்."

சிகிச்சை அன்றே ஆரம்பமாயிற்று. ஐயா தன் சொந்தக் கையேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். சின்னி யார்? இரண்டு மதிப்பெண். சின்னியின் பாத்திரப் படைப்பை விளக்குக. ஐந்து மதிப்பெண். கோடிட்ட இடத்தை நிரப்புக: சின்னி நின்ற இடம் ______. முதலில் பவழக்கொடி எழுத எழுத அழுதது. தாளெல்லாம் நனைந்தது. ஐயா வேறு தாள் கொடுத்தார். பிறகு, 'சின்னி' என்று எழுதிக்கொண்டிருந்தது 'சின்னி என்னும் கதாபாத்திரம்' என்று எழுதத் தொடங்கியது. பிறகு 'இக்கதாபாத்திரம்' என்று மட்டும் எழுதியது. 'இக்கதாபாத்திரத்தின் வாயிலாக ஆசிரியர் உணர்த்துவன யாவை' என்ற கேள்விக்கு வந்தபோது, அதன் வயிறு லேசாகச் சத்தம் போட்டது.

"கேட்டீங்களா?" என்றார் ஐயா.

தாய் முந்தானை இல்லாததால் வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இந்த நேரத்தில், காட்டின் மறு கோடியில் இருந்த புற்றுக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. எழுத்தாளர் புற்றூரானின் கதையைப் படித்துவிட்டு ஓர் எறும்புதின்னி பட்டினி கிடக்கிறதாம்! புற்றூரான் இருப்புக்கொள்ளாமல் புற்றுக்குள் மேலும் கீழும் நடந்தார்.

"பார்த்தியா! எழுத்தால என்ன ஆகும்னு கேட்டியே, பார்த்தியா?" என்றார் மனைவியிடம்.

"உங்க புத்தகத்தை நானே படிக்கல. அதுவா படிச்சுது?"

"படிச்சு அழுதிருக்கு. இப்படியே ஒவ்வொண்ணும் படிச்சா, அப்புறம் நம்ம புள்ளைங்க பயமில்லாம வெளிய போகலாம்ல?"

"முதல்ல நீங்க வெளிய போகாதீங்க" என்றாள் மனைவி.

அவர் கேட்கவில்லை. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாசகர்கூட அவரைத் தேடி வந்ததில்லை. ஆகவே அவரே வாசகரைத் தேடிப் புறப்பட்டார். வாசகர் பொன்னாடை போர்த்த ஆசைப்பட்டு, கையில் பொன்னாடை இல்லாமல் சங்கடப்படக் கூடாதே என்று, மஞ்சள் பூவிதழ் ஒன்றையும் மடித்து எடுத்துக்கொண்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது பவழக்கொடி பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தது. சிகிச்சை அப்போதுதான் முடிந்திருந்தது.

"நான்தான் புற்றூரான்" என்றார் எழுத்தாளர். "என் புத்தகம் படிச்சியாமே, பாப்பா?"

பவழக்கொடி எழுந்து நின்றது. "படித்தேன் ஐயா. தங்கள் நடை எளிமையும் இனிமையும் வாய்ந்தது. மாணவர் அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்."

புற்றூரான் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு அழகாக அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

"சின்னி வாசல்ல நிக்கிற இடம்... அதைப் படிச்சு அழுதியாமே?"

"அவ்விடம் ஒற்றுமைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஐயா."

புற்றூரான் கண்ணைத் திறந்தார். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனாலும் இத்தனை தூரம் வந்தாயிற்று. பொன்னாடையை எடுத்து நீட்டி, போர்த்துவதற்கு வசதியாக இன்னும் கொஞ்சம் கிட்டே போய், தலையைக் குனிந்து நின்றார்.

பவழக்கொடி நாக்கை நீட்டியது. பொன்னாடையை மட்டும் ஒதுக்கி வைத்தது. இலை தழை அதற்கு ஒத்துக்கொள்ளாது.

"சாப்பிட்டுருச்சு! எம்புள்ள சாப்பிட்டுருச்சு!" என்று தாய் ஊரைக் கூட்டியது. நாரை ஐயா உள்ளே போய் மதிப்பெண்ணைத் திருத்தி முழுசாகப் போட்டுவிட்டு வந்தார். புத்தகம் அடுத்த பதிப்பு கண்டது. பின்னட்டையில், 'வாசகர்களால் பெரிதும் விரும்பப்பட்டவர்' என்று ஆசிரியரைப் பற்றி ஒரு வரி சேர்த்தார்கள்.

நீதி: எழுத்தாளர்களே, வாசகரைச் சந்தித்தால் எடுத்த எடுப்பில் 'படிச்சீங்களா' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டீங்களா' என்று கேளுங்கள். 'இல்லை' என்று சொன்னால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.